இரண்டு மணிச் சங்கும் 80டிடி கழிவும்

வருமான வரிச் சட்டம், பிரிவு 80டிடி: ஊழியரைச் சார்ந்து வாழும் பெற்றோருக்கு நாற்பது சதவீதத்துக்குக் குறையாத ஊனம் இருந்தால், அரசு மருத்துவரின் சான்றிதழைக் காட்டி ஒரு நிலையான தொகையை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். காது கேளாமையும் அந்தப் பட்டியலில் உண்டு. இவ்வளவு எளிய விதியைச் சிக்கலாக்க ஒரு டீ ஃபேக்டரி தேவைப்பட்டது.

தேயிலை விலை படுத்துவிட்ட வருடங்கள் அவை. குன்னூருக்குக் கீழே ஒரு எஸ்டேட் மூடிக் கிடந்தது. அங்கிருந்த அரசுத் தொடக்கப்பள்ளி மட்டும் நடந்தது. அதன் ஆசிரியை புவனேஸ்வரி. அவருக்குச் சம்பளப் பட்டியல் போடும் அலுவலகத்தில் நான் கண்காணிப்பாளர்.

வருடம் முழுக்க வரியை மறந்திருந்துவிட்டுப் பிப்ரவரிச் சம்பளத்தை மொத்தமாகப் பறிகொடுப்பது ஆசிரியர்களின் வழக்கம். புவனேஸ்வரியின் வீட்டில் ஐந்து பேர். எஸ்டேட் மூடிய பிறகு அங்கே வந்த ஒரே சம்பளம் அவருடையது. 80டிடி கிடைத்தால் அந்தச் சம்பளம் தப்பும்.

அப்பா மாரிமுத்து இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர். அந்த எஸ்டேட் ஃபேக்டரியில், தேயிலை உருட்டும் இயந்திரங்கள் இரையும் ரோலர் ரூமில் முப்பது வருடம் வேலை பார்த்ததில் காது போய்விட்டது.

"சான்றிதழ் எங்கே டீச்சர்?"

"அடுத்த வாரம் வாங்கிடறேன் சார்."

கருவூல வேலையாக ஊட்டிக்குப் போன நான், டீச்சர் கேட்டுக்கொண்டதால் மருத்துவரிடமும் கூடப் போனேன். மாரிமுத்துவின் காதில் ஹெட்போன் மாட்டி, மருத்துவர் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார். பெரியவர் கல்லைப் போல உட்கார்ந்திருந்தார். சோதனை முடிந்தது. மெஷினை அணைத்துவிட்டு மருத்துவர் பேனாவை எடுத்தார். பெரியவர் சட்டென்று எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டார்.

"சங்கு ஊதிட்டான். பெரட்டுக்கு நேரமாச்சி."

சங்கு, ஃபேக்டரி சைரன்; பெரட்டு என்பது வேலைக்கு ஆள் எண்ணும் வரிசை. சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டு.

"ஃபேக்டரி மூடின பெறகும் வீட்ல தினமும் இதே நேரத்துக்கு எந்திரிப்பாருங்க," என்றார் டீச்சர்.

"வருசம் பூரா கேக்காத மாதிரி நடிக்கறவங்களப் பாக்கறேன். இவரு புதுசா இருக்காரு," என்று மருத்துவர் பேனாவை மூடினார். "தினமும் சங்கு கேக்குதுன்னா காது இருக்குதுன்னுதானுங்க அர்த்தம்? அங்க சங்கே இல்லைன்னு கம்பெனி எழுதிக் குடுக்கட்டும். போடறேன்."

கோயம்புத்தூரில் இருந்த கம்பெனி அலுவலகத்துக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன். பதில் இல்லை. நினைவூட்டு அனுப்பினேன். அதற்கும் இல்லை. பிறகு நானே தல ஆய்வுக்குப் போனேன்.

வாட்ச்மேன் கோயம்புத்தூர்க்காரர். "சங்குங்களா? அத மொதல்லயே கழட்டி வித்துப்போட்டாங்க. வாங்க, காட்டறேன்."

கூரையில் நான்கு போல்ட் மட்டும் இருந்தது. சங்கு இல்லை, ஒயர் இல்லை, மின்சாரம் இல்லை என்று வரிசையாகக் குறித்துக்கொண்டேன். மூடுபனி ஃபேக்டரி முற்றம் வரை ஏறியிருந்தது.

அப்போது தொழிலாளர்களின் லயன் வீடுகளின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. முன்னால் மாரிமுத்து. அவருக்குப் பின்னால் காது நன்றாகக் கேட்கும் பதினைந்து இருபது பேர். முற்றத்தில் வரிசையாக நின்றார்கள். எண்ணுவதற்கு எதிரே யாரும் இல்லை.

"யாரும் ஊதலீங்களே?" என்றேன்.

"ஊதலீங்க," என்றார் வாட்ச்மேன், தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டே. "ஆனா நேரமாச்சுங்களே."

அவர் போய் வரிசையில் நின்றார். கொஞ்ச நேரம் கழித்துத்தான், அவருக்கு அடுத்து நான் நிற்பது எனக்குத் தெரிந்தது. ஃபைலை எப்போது மூடினேன் என்று ஞாபகம் இல்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு மணி ஐந்து நிமிடம்.

ஆய்வறிக்கையில் நான்கு போல்ட்டைப் பற்றி எழுதினேன். வரிசையைப் பற்றி எழுதவில்லை.

பிப்ரவரிச் சம்பளப் பட்டியல் போகவேண்டிய நாளில் புவனேஸ்வரி வந்தார்.

"சார், நீங்களும் நின்னீங்கன்னு அப்பா சொன்னாரு."

நான் பட்டியலின் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

"டாக்டர்கிட்ட கேட்டேன் சார். சங்கு இல்லைன்னு உங்க அறிக்கை மட்டும் போதாதாம். காது நல்லா இருக்கற ஒரு ஆபீசர், சங்கே இல்லாம நானும் போய் நின்னேன்னு எழுதிக் குடுத்தா, அப்பா எந்திரிச்சதுக்கும் காதுக்கும் சம்பந்தமில்லைன்னு எடுத்துக்கறேன்னாரு. ரெண்டு வரி போதுங்க."

"நான் அலுவல் முறையில் நிற்கவில்லை டீச்சர்."

"பின்ன எந்த முறையில சார் நின்னீங்க?"

அதற்கு விதி எதுவும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. 80டிடி கழிவை அடித்துவிட்டுப் பட்டியலை அனுப்பினேன். பிடித்தம் போக, அந்த மாதம் அவர் கைக்கு வந்தது பஸ் செலவுக்குத்தான் காணும்.

இளைய ஆசிரியர்கள் தெரிந்துகொள்ளவேண்டியது: சான்றிதழை ஜூன் மாதமே வாங்கி வையுங்கள். பிப்ரவரியில் பிடித்துவிட்டாலும் பயமில்லை, ஜூலைக்குள் ரிட்டர்ன் போட்டால் பணம் திரும்ப வரும். பிறகு சான்றிதழ் கிடைத்து, புவனேஸ்வரிக்கும் வந்தது. மார்ச் மாதம் அந்த வீட்டில் ஐந்து பேர் என்ன சாப்பிட்டார்கள் என்று எழுத ரிட்டர்னில் கட்டம் கிடையாது. நான் கற்றுக்கொண்டது வேறு: கண்ணால் பார்த்ததை எழுத ஒரு கண்காணிப்பாளருக்கு யாருடைய லெட்டர்ஹெட்டும் தேவையில்லை.

பட்டியல் போன பிறகு வந்த கம்பெனியின் பதில் ஒரே வரி: "மேற்படி ஃபேக்டரியில் சங்கு ஏதும் இல்லை." தபால்காரர் அதை நீட்டியபோது நான் நாற்காலியை விட்டு எழுந்து, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தேன். மணி இரண்டு. வரவுப் பதிவேட்டில் எண் போட்டு, தேதி முத்திரையைக் குத்தினேன்: ஏப்ரல் 1.