எதிர்வீட்டு ராட்வீலரும் சிங்கப்பூர் விமானமும்

துடியலூரில் வீடு கட்டிக் குடிவந்தபோது எதிர்வீட்டில் ஒரு ராட்வீலர் நாய் இருப்பது எங்களுக்குத் தெரியாது. பால் காய்ச்சிய அன்று காலை மாவிலை கட்டுவதற்காக வாசலுக்கு வந்தேன். எதிரே இரும்புக் கேட்டின் கம்பிகளுக்கு நடுவில் ஒரு பெரிய கறுப்புத் தலை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. குரைக்கவில்லை. குரைத்திருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். அன்றிலிருந்து தெருவில் இறங்கினால் எங்கள் பக்கச் சுவரை ஒட்டியே நடக்கப் பழகிக்கொண்டேன்.

நாயின் சொந்தக்காரர் பல்லடம் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருந்தவர். அறுபதைத் தாண்டியவர். பண்ணையைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மனைவியோடு இங்கே வந்துவிட்டார். காவலுக்கு வளர்த்த நாயையும் கையோடு கூட்டி வந்திருந்தார். அது பெட்டை. அதற்குப் பெயர் ஒன்று இருந்தது. ஆனால் அவர் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "கண்ணு, சாப்பிட வா கண்ணு" என்பார். முதல்முறை கேட்டபோது வீட்டுக்கு யாரோ குழந்தை வந்திருக்கிறது என்று நினைத்தேன்.

நான் ஒரு பம்ப்செட் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பம்புக்கான இரும்பு வார்ப்புகள் வாங்கும் இடங்களுக்கு நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அதனால் மாதத்தில் ஓரிருமுறை புனேவுக்கோ அகமதாபாத்துக்கோ விமானத்தில் போய்வருவேன். காலையில் பெட்டியை இழுத்துக்கொண்டு கிளம்பும்போது எதிர்வீட்டு அண்ணன் கேட்டுக்குள் நின்று பார்ப்பார். பக்கத்தில் கண்ணுவும் நின்று பார்க்கும். அவர் ஒருமுறைகூட விமானத்தில் ஏறியதில்லை என்பதும், ஏறவே மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பதும் பின்னாளில்தான் எனக்குத் தெரிந்தது.

ஒருநாள் டிவியில் விமான விபத்துச் செய்தி ஓடியது. ராத்திரி முழுக்க அதே காட்சிகளைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். மறுநாள் காலை பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது அவர் கூப்பிட்டார்.

"ஏனுங் அம்மணி, நியூஸ் பாத்தீங்ளா?"

"பார்த்தேனுங்கண்ணா. பாவம்."

"அடுத்த வாரம் மறுபடியும் போவீங்ளா?"

"போகணுமுங்க. டிக்கெட் போட்டாச்சு."

அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். கேலி செய்கிறாரோ என்று முதலில் நினைத்தேன். அப்படி இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார்.

"எதை நம்பி ஏறுறீங்க? ஓட்டறவன் மூஞ்சியக்கூட நாம பாக்கறதில்லையே. பஸ்ஸுன்னா டிரைவரு நல்லா தூங்கி எந்திரிச்சானா, போதையில இருக்கானான்னு ஒரு பார்வை பாத்துப்போட்டு ஏறலாம்."

பதில் சொல்ல வாய் திறந்தேன். சாலையில்தான் விபத்து அதிகம், வானத்தில் குறைவு என்று எல்லோரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். சொல்லும்போதே அது நான் ஏறுவதற்கான காரணம் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டதும் தூங்கிவிடுகிறேன். அவ்வளவுதான். எதையும் நம்பி ஏறியதாக ஞாபகமில்லை.

"நீங்க எதை நம்பி இதைக் கட்டாம வளர்க்கிறீங்க?" என்று திருப்பிக் கேட்டேன். கண்ணு அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

"இதுங்ளா? இது எம்பட புள்ள மாதிரியுங்க. நா ஏன் பயப்படோணும்?" என்று சிரித்தார்.

தெருவில் அந்த நாயைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருந்தது. முனைவீட்டில் இருந்த ஓய்வுபெற்ற வாத்தியார், இந்த ஜாதி நாய்களையெல்லாம் அரசாங்கமே தடை செய்ய வேண்டும் என்பார். துணி தேய்க்கிற அக்கா, தன்னைக் கடித்த ரெண்டும் தெருநாய்தான், இது கூண்டுப்பறவை மாதிரி உள்ளேயே கிடக்கிறது, இதைப் போய் ஏன் சொல்கிறீர்கள் என்பாள். என் வீட்டுக்காரர், "அது என்னைக்காவது ஒருநாள் காட்டும், பாரு" என்று மட்டும் சொல்வார். எதைக் காட்டும் என்று கேட்டால் சொல்ல மாட்டார். சுவாரசியம் என்னவென்றால், விமானத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலும் இதே ஆட்கள் இதே உறுதியோடுதான் பேசினார்கள். வாத்தியாருக்கு விமானம் ரொம்பப் பாதுகாப்பு. துணி தேய்க்கிற அக்காவுக்கு, காலுக்குக் கீழே மண் இல்லாத எதுவும் ஆகாது.

எதிர்வீட்டு அண்ணனுக்கு ஒரே மகள். சிங்கப்பூரில் இருந்தாள். அவளுக்குப் பிரசவ நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், எங்கள் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தார்.

"கோயமுத்தூர்லயே ஏறி நேரா அங்க எறங்கிக்கலாமாம். பாஸ்போர்ட்டெல்லாம் புள்ள சொல்லி எப்பவோ ரெண்டு பேருக்கும் எடுத்தாச்சு. நா மட்டும் தனியா எப்புடிப் போறதுங்க? கேட்டா, நாய ஆரு பாத்துக்குவாங்கறாரு. நாயெல்லாம் சும்மா. அவுருக்குப் பயம். அதச் சொல்றதுக்கு வெக்கம்."

கொஞ்ச நேரம் வெங்காயத் தோலைக் கையில் வைத்து நொறுக்கிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார். "நீங்க காலையில ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா சோறு வெச்சீங்கன்னா, அவுரு சொல்றதுக்கு ஒண்ணும் இருக்காது."

வேறு யாராவது கேட்டிருந்தால் மறுத்திருப்பேன். ஆனால் அண்ணன் அன்று கேட்டருகே சிரித்துக்கொண்டே சொன்ன அந்தப் பதில் என் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால்தான் என்ன என்று தோன்றியது. சரி என்றேன். என் வீட்டுக்காரர் அன்று இரவு என்னோடு பேசவில்லை.

மறுநாள் சாயங்காலமே நாயோடு பழக்கம் ஆரம்பித்தது. "அது கண்ணுக்குள்ள பாக்காதீங்க. பக்கவாட்டுல நில்லுங்க. கைய நீட்டாதீங்க, அதுவே வரட்டும்" என்று சொல்லிவிட்டு அண்ணன் கேட்டைத் திறந்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணு வந்து என் செருப்பை மோந்தது. சுடிதார் ஓரத்தை மோந்தது. பிறகு என் காலில் தன் உடம்பைச் சாய்த்து நின்றது. மூட்டை ஒன்றைச் சாய்த்து வைத்த மாதிரி கனம். விழாமல் இருக்க நான் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது.

"சாஞ்சுதுன்னா சேத்துக்கிச்சுன்னு அர்த்தம்" என்றார்.

அதன் உடம்புச் சூடு என் காலில் ஏறியது. பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பயத்தோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது, ஒருமாதிரிப் பெருமை. அடுத்த நாள் நானே தட்டைக் கொண்டுபோய் வைத்தேன். வேகவைத்த கோழியும் சோறும், மேலே கொஞ்சம் தயிர். அது தின்கிறபோது பக்கத்தில் போகக்கூடாது என்று அக்கா எச்சரித்திருந்தார். அப்போது அதன் தொண்டைக்குள்ளிருந்து மோட்டார் ஓடுவது போல ஒரு சத்தம் வரும். கோபமா சந்தோஷமா என்று கேட்டேன். "அது எனக்கே தெரியாதுங்க" என்றார் அண்ணன். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

நான் நாயைப் பற்றிக் கேட்பேன். அவர் விமானத்தைப் பற்றிக் கேட்பார். எந்தச் சீட்டில் உட்கார்ந்தால் நல்லது, மழைமேகத்துக்குள் போனால் என்ன ஆகும், இஞ்சின் ஒன்று நின்றுவிட்டால் இன்னொன்று இழுக்குமா. தெரிந்ததைச் சொல்வேன். தெரியாததைத் தெரியாது என்பேன். ஒருமுறை கோவையில் இறங்கப் போன விமானத்தைச் சக்கரம் தரையைத் தொடுகிற நேரத்தில் மறுபடியும் மேலே தூக்கிவிட்டார்கள். அதையும் அவரிடம் சொன்னேன். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா சத்தமாக முருகா முருகா என்று கூப்பிட்டதையும், நான் முன்சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டதையும் சொன்னேன்.

"அதுக்கப்புறமும் ஏறுனீங்ளா?"

"அந்த வாரமே."

"ஏனுங்க?"

"வேலை இருந்துதுங்கண்ணா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே போனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கேஸ் சிலிண்டர் வந்தது. நான் கண்ணுவுக்குத் தட்டு வைத்துவிட்டு அவர்கள் வீட்டு வாசற்படியில் நின்றிருந்தேன். சிலிண்டரை உள்ளே வைத்துவிட்டுப் போன ஆள் கேட்டைச் சரியாகச் சாத்தவில்லை. தட்டில் இருந்த கோழி வாசனைக்கு ஒரு தெருநாய் உள்ளே நுழைந்தது. நான் அதைப் பார்த்த கணத்திலேயே கண்ணு அதன்மேல் பாய்ந்துவிட்டது. அதுவரை நான் அறிந்திருந்த நாய் இல்லை அது. இரண்டும் உருண்டன. தெருநாய் கதறியது. அண்ணன் உள்ளேயிருந்து ஓடிவந்து, "கண்ணு, உடு! உடு!" என்று கத்திக்கொண்டே குறுக்கே கையை விட்டார்.

கடித்தது கண்ணுதான். அவருடைய வலது முன்கையில். உடனே விட்டும்விட்டது. தெருநாய் நொண்டிக்கொண்டே வெளியே ஓடியது. கண்ணு மூலைக்குப் போய் உட்கார்ந்துகொண்டு அவரையே பார்த்தது. சிமெண்ட் தரையில் ரத்தம் சொட்டியது. நான் துப்பட்டாவை எடுத்து அவர் கையில் சுற்றினேன்.

என் வீட்டுக்காரர் காரை எடுத்தார். நான் பின்சீட்டில் அண்ணனோடு உட்கார்ந்து அவர் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டேன். முன்னால் அக்கா அழுதுகொண்டே வந்தார். வழியெல்லாம் அண்ணன் ஒரே கேள்வியைக் கேட்டார்: "கேட்டச் சாத்துனீங்ளா அம்மணி? அது வெளிய வந்தா அடிச்சுப்போடுவாங்க."

ஆஸ்பத்திரியில் காயத்தைக் கழுவவே வெகுநேரம் ஆனது. நாய்க்கடியை உடனே தைத்து மூட மாட்டோம் என்று டாக்டர் சொன்னார். தடுப்பூசி போட்டார்கள். யார் வீட்டு நாய் என்று டாக்டர் கேட்டபோது, "எங்களுதுதானுங்க. அது என்னையக் கடிக்கலீங்க, நாந்தான் கைய ஊடால விட்டுட்டேன்" என்றார். டாக்டர் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதத் தொடங்கினார்.

தெருவுக்கு அன்று சாயங்காலத்துக்குள் விஷயம் தெரிந்துவிட்டது. வாத்தியார் வந்து, நல்லவிதமாகவே, அதை எங்காவது கொடுத்துவிடச் சொன்னார். என் வீட்டுக்காரர் நான் எதிர்பார்த்ததைச் சொல்லவில்லை. "நல்லவேளை, உன் கை இல்ல" என்றார்.

இரண்டு நாள் கழித்து நான் தட்டை எடுத்துக்கொண்டு கேட் வரைக்கும் போனேன். கண்ணு எழுந்து, குட்டியிலேயே வால் நறுக்கிய பின்புறத்தை ஆட்டியது. என்னால் தாழ்ப்பாளைத் திறக்க முடியவில்லை. விரல் அதன்மேல் இருந்தது, தள்ள வரவில்லை. உள்ளேயிருந்து பார்த்த அக்கா வந்து தட்டை வாங்கிக்கொண்டார். "உடுங்க அம்மணி. நானும் தனியாப் போறாப்பல இல்ல. டிக்கெட்டே வேண்டாம்னு புள்ளகிட்டச் சொல்லிப்போடறேன்" என்றார்.

அப்போது அண்ணன் கட்டுப்போட்ட கையோடு வெளியே வந்து, "ரெண்டு டிக்கெட்டாப் போடச் சொல்லு" என்றார்.

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார். நானும்தான்.

"நாய?"

"பவானியில உங்கண்ணன் தோப்புல உட்டுக்கலாம். கம்பிவேலி போட்ட எடமிருக்குது. முன்னாடி ஒருக்கா இருந்த எடந்தான்."

ஏன் மனசு மாறினார் என்று அவரிடம் பலவிதமாகக் கேட்டுப் பார்த்தேன். ஒருதரம், மகள் போனில் அழுதாள் என்றார். இன்னொருதரம், டாக்டர் கடற்கரையில் காற்று வாங்கினால் நல்லது என்றார் என்று கதை விட்டார். கிளம்புவதற்கு முந்தின நாள், கேட்டு ஓரமாக நின்றபோது தானாகவே சொன்னார்.

"கண்ணுவப் பத்தி எல்லாந் தெரியும்னு நெனச்சிருந்தனுங்க. பாலு ஊத்தி வளத்துனது. அது வாய் எம்பட கையில பட்ட அந்த நேரத்துல, இது ஆருன்னே எனக்குத் தெரியல. பொறகு மூலையில போய் உக்காந்துது பாருங்க, அப்ப மறுபடியும் தெரிஞ்சுது." கைக்கட்டைத் தடவிக்கொண்டார். "அதுக்கும் ஏரோப்ளேனுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டீங்கன்னா எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனா அதுக்கப்பறம் ஏறலாம்னு தோணுச்சு."

விமான நிலையத்துக்கு நானும் போயிருந்தேன். அவர்கள் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே போனதும், அண்ணன் சோதனை வரிசையில் நிற்பது வெளியிலிருந்து தெரிந்தது. கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். காவலர் சிரித்தார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. மறுநாள் காலை போனில் அவர் அனுப்பிய குரல்பதிவு வந்திருந்தது. "ஏனுங் அம்மணி, ரெக்கை ஆடுதுங்க! கடைசி வரைக்கும் அதையே பாத்துட்டு வந்தேன். பக்கத்துல இவ நல்லாத் தூங்கிப்போட்டா." பின்னால் அக்கா மறுத்துப் பேசுவது கேட்டது.

பேரன் பிறந்து, அவர்கள் திரும்பி வர மூன்று மாதம் ஆனது. அதற்குள் தெருவில் ஆட்கள் சொன்னதைக் கேட்டோ, தானாகவே யோசித்தோ, அண்ணன் தன் வீட்டுக் கேட்டுக்கு உள்ளே இன்னொரு கம்பிக் கேட்டு போடச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார். கண்ணுவை வெளியே கூட்டிப்போக ஒரு வாய்ப்பூட்டும் வாங்கியிருந்தார். வாத்தியார் வந்து இரண்டாவது கேட்டின் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பவானியிலிருந்து கண்ணு ஒரு மினி டெம்போவில் வந்து சேர்ந்தது. நான் எங்கள் மாடியிலிருந்து பார்த்தேன். பின்கதவைத் திறந்தும் அது இறங்கவில்லை. தோப்பில் ஓடி உடம்பு இளைத்திருந்தது. அண்ணன் கூப்பிட்டார். வரவில்லை. மூன்று மாதத்தில் மறந்துவிட்டதா, அல்லது அன்றைக்கு நடந்தது அதற்கும் ஞாபகம் இருக்கிறதா என்று தெரியவில்லை. அவர் மறுபடியும் கூப்பிடாமல் அங்கேயே ரோட்டோரமாகக் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டார். டிரைவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

வெகுநேரம் கழித்து அது குதித்து இறங்கியது. அவர் கையைக் கொஞ்ச நேரம் மோந்து பார்த்தது. பிறகு அவரைத் தாண்டி, இரண்டு கேட்டையும் கடந்து, நேராக வீட்டுக்குள் போய்த் தண்ணீர்ச் சட்டியில் வாயை வைத்தது.

"என்ன நெனச்சுதோ" என்றார் அக்கா, வாசலில் நின்று.

"தாகமா இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு அண்ணன் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.