பத்து நாள் பார்த்த மோட்டார்

ஜப்பான்காரன் மலாய் நாட்டைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் நான் சுங்கை பட்டாணிப் பக்கம் ஒரு தோட்டத்தில், ரப்பர் ஷீட் போடும் ஆலையில் இஞ்சின் ஓட்டிக்கொண்டிருந்தேன். தோட்டப் பள்ளியில் நாலாவது வரைக்கும்தான் படிப்பு. மனைவி, ஒரு பெண் குழந்தை, வயிற்றில் இன்னொன்று. முருகனைக் கும்பிடாமல் நான் அதுவரை ஒருநாளும் பச்சைத் தண்ணீர் பல்லில் பட விட்டதில்லை. இதை எழுதும்போதும் கும்பிட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

அந்த வருஷம் சயாமில் ரயில் பாதை போடுகிற வேலைக்கு ஆள் எடுத்தார்கள். முதலில் போனவர்களிடமிருந்து ஒரு கடிதாசி கூட வரவில்லை. போனவன் திரும்ப மாட்டான் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஆனாலும் யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. மரவள்ளிக்கிழங்கை வேக வைத்தோம், தின்றோம், தோட்டக் கணக்குப்பிள்ளையான கிராணி பட்டியல் வாசிக்கும்போது தலையைக் குனிந்து நின்றோம். இரண்டாவது பட்டியலில் என் பெயரும் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கோலா கெடாவிலிருந்து லாரி வந்தது. எங்கள் துரை சண்டைக்கு முன்னால் மீன் பிடிக்கப் போவதற்கு ஒரு படகு மோட்டார் வைத்திருந்தார். படகின் பின்பலகையில் மாட்டுகிற ரகம், கயிறு சுற்றி இழுத்தால் கிளம்பும். அப்போதே பழசு. துரை ஓடிப்போன பிறகு ஒரு ஜப்பான் ஆபிசர் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இப்போது அது வேகம் எடுக்க மாட்டேன் என்கிறதாம். முன்பு அதைக் கழுவித் துடைத்து வைத்தது நான் என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

லாரியில் ஏறும்போது கிராணி பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"அந்த வேலை இருக்கிற வரைக்கும் உன்னைத் தொடமாட்டானுங்க. முடிச்சிட்டு வந்தா, அடுத்த வெள்ளிக்கிழமை ரயில்ல நீயும் ஏறணும்லா. பாத்துக்க."

அன்று வியாழக்கிழமை.

கோலா கெடாவில் ஆற்றோரம் ஒரு மீன் கொட்டகையில் என்னை இறக்கினார்கள். படகு ஆபிசருடையது இல்லை, ஒரு மலாய்க்காரருடையது. ஐம்பது வயது இருக்கும். படகோடு சேர்த்து அவரையும் பிடித்து வைத்திருந்தார்கள். தினமும் விடிந்ததும் ஆபிசரை ஏற்றிக்கொண்டு ஆற்று முகத்துக்குப் போக வேண்டும். சயாம் பக்கமிருந்து திருட்டுத்தனமாக அரிசி கொண்டுவரும் படகுகளைத் துரத்த வேண்டும். துரத்த முடியவில்லை. அரிசிப் படகுகள் பாய் விரித்துப் போய்விடும். இவர்கள் திரும்பி வந்ததும் ஆபிசர் "லம்பாட், லம்பாட்" என்று கத்திக்கொண்டே, மோட்டாரின் கைப்பிடியைப் பிடித்திருக்கிற அவர் கன்னத்தில் அறைவான். லம்பாட் என்றால் மலாயில் தாமதம். அந்த ஒரு சொல் அவனுக்கு நன்றாகத் தெரியும்.

நான் அவரைப் பாக்சிக், அதாவது மாமா என்று கூப்பிட்டேன். அவர் என்னைத் தம்பி என்றார். மலாய்க்காரர்கள் தமிழாளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். தோட்டத்து மலாய் எனக்குப் போதுமான அளவு வரும். முதல் நாள் மோட்டாரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு அவர் சொன்னார்:

"உன் துரை சிங்கப்பூருக்கு ஓடின வேகத்துல பாதி வேகத்துக்கு இது ஓடினா போதும், தம்பி."

சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

கோளாறு விசித்திரமாக இருந்தது. கயிற்றை இரண்டு தடவை இழுத்தால் கிளம்பிவிடும். மெதுவாக ஓட்டினால் கடிகாரம் போல ஓடும். வேகத்தைத் திறந்தால்தான் வினை. இருமும், திணறும். படகு மூக்கைத் தூக்காமல் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போகும். பிளக்கைக் கழற்றித் தேய்த்தேன். நெருப்பு நன்றாகப் பாய்ந்தது. எண்ணெய்த் தொட்டி மூடியில் காற்று போகும் ஓட்டையைப் பார்த்தேன், திறந்துதான் இருந்தது. கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினேன். விசிறியில் தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிறதா என்று இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தடவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

இரண்டாம் நாள் வெள்ளிக்கிழமை. குளித்து, கொண்டுபோயிருந்த திருநீற்றைப் பூசிக்கொண்டு, புகை வெளியே போகிற பக்கத்து மூடியைக் கழற்றினேன். நாலு திருகாணி. உள்ளே கரி. அப்போது பெட்ரோல் ஏது? ரப்பரைக் காய்ச்சி வடித்த எண்ணெயில் செம்பனை எண்ணெயைக் கலந்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கரி தார் போல இறுகி, இரண்டு விரல் அகலமிருக்க வேண்டிய வாயைப் பென்சில் போகிற அளவுக்கு ஆக்கியிருந்தது. மெதுவாக மூச்சு விட அது போதும். ஓடும்போது மூச்சு விடப் போதாது. சுரண்டி எடுத்தால் அரை நாள் வேலை.

கையில் சுரண்டுகிற தகடு இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஏழு நாள் இருந்தது. மூடியை வைத்து நாலு திருகாணியையும் திரும்ப முடுக்கினேன்.

அப்போது ஏதாவது நினைத்தேனா என்று பலரும் கேட்கலாம். ஒன்றும் நினைக்கவில்லை. கை தானாக முடுக்கியது. ஆனால் அன்று சாயங்காலம் கும்பிட உட்கார்ந்தபோது வாய் வரவில்லை. திருநீறு பூசினேன், எழுந்துவிட்டேன். அதிலிருந்து ரயில் போகிற வரைக்கும் பூசுவது மட்டும்தான், முருகா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பிறகு ஒவ்வொரு நாளும் எதையாவது பிரித்தேன், கழுவினேன், மாட்டினேன். ஆபிசர் வந்து நிற்பான். நான் குனிந்து வணங்கி, எண்ணெய்ப் பிசுக்கான ஒரு சாமானைத் தூக்கிக் காட்டுவேன். அவன் போய்விடுவான். காலையில் படகு போகும், வரும், பாக்சிக் அறை வாங்குவார். நான் கொட்டகைக்குள் முதுகைத் திருப்பிக்கொண்டு பிளக்கைத் தேய்ப்பேன். அந்த பிளக் அவ்வளவு பளபளப்பாக என்றும் இருந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை ஆபிசர் கொட்டகைக்குள்ளேயே வந்துவிட்டான். அவனுக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், கோளாறு மோட்டாரிலா, ஆளிலா என்று கேட்டான். மோட்டாரில் என்றால், ஆறு நாளாக என்ன பார்த்தாய் என்று கேட்பான். வேறு ஆளைக் கொண்டுவருவான். அந்த ஆள் நாலு திருகாணியைக் கழற்றிப் பார்ப்பான். 

"துவான், வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாத் திறக்கணும். ஒரேயடியாத் திறந்தா திணறும்" என்றேன்.

அது பொய்யும் இல்லை. எந்தப் பழைய மோட்டாருக்கும் சொல்லக்கூடியதுதான். ஆனால் கைப்பிடியைப் பிடித்து வேகத்தைத் திறக்கிறவர் பாக்சிக்.

ஆபிசர் தலையாட்டினான். வெளியே போனான். படகில் கிடந்த துடுப்பை எடுத்து அதன் கட்டையால் பாக்சிக்கின் இடது காதோடு சேர்த்து அடித்தான். இரண்டு தடவை. அவர் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். விழவில்லை. காதிலிருந்து இரத்தம் கழுத்துக்கு வந்தது. நான் கொட்டகை வாசலில் நின்று பார்த்தேன். அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. மரத்துப்போன காலை யாரோ மிதிப்பது போல இருந்தது.

சாயங்காலம் அவர் கொட்டகைக்கு வந்தார். காதில் பழந்துணி அடைத்திருந்தார். மோட்டாரின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அந்த மூடியில் கையை வைத்தார்.

"இந்த இடத்துல தானே?"

நான் கையிலிருந்த பிளக்கைக் கீழே வைத்தேன்.

"ஓடும்போது பின்னால தண்ணியில கைய வெச்சுப் பாத்தேன். புகை தள்ளுற வேகமே இல்ல. நாங்களும் முப்பது வருஷமாக் கடல்ல இருக்கிறோம், தம்பி."

அப்போதுதான் சொன்னேன். பட்டியலில் பெயர் இருப்பதை, வெள்ளிக்கிழமை ரயிலை, மனைவி மாதமாக இருப்பதை எல்லாம் சொன்னேன். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. விலாசம் சொல்வது போலச் சொன்னேன். அவர் நல்ல காதை என் பக்கம் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூணு நாளா?"

"ஆமா, பாக்சிக்."

எழுந்து போய்விட்டார். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் காலையில் படகை எடுத்துக்கொண்டு போனார். மூன்று நாளும் அடி வாங்கினார். ஆபிசரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவருக்கு அடி நின்றிருக்கும். சொல்லவில்லை. அரிசிப் படகுகளில் அவருடைய சொந்தக்காரர் யாராவது இருந்திருக்கலாம், அதனால் வேகம் வராமல் இருப்பதே அவருக்கும் நல்லதாக இருந்திருக்கலாம் என்று பின்னாளில் எத்தனையோ தடவை என்னை நானே சமாதானம் செய்து பார்த்திருக்கிறேன். நிஜமாகவே எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலையில் மீன் ஏற்ற வந்த லாரிக்காரன், நேற்று சுங்கை பட்டாணியில் ரயில் கிளம்பிவிட்டது, கூட்டம் நெரிந்தது என்றான். நான் நாலு திருகாணியையும் கழற்றினேன். மதியத்துக்குள் கரியெல்லாம் வந்துவிட்டது. ஒரு தேங்காய்ச் சிரட்டை நிறைய இருந்தது. பாக்சிக் வேகத்தைத் திறந்தார். படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. ஆபிசர் என் முதுகில் தட்டிக்கொடுத்து, சின்னப் பையில் அரிசி கொடுத்தான். வெள்ளை அரிசி.

பாதியைத் துணியில் கட்டிக்கொண்டு பாக்சிக்கிடம் போனேன். இடது பக்கமிருந்து கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை. சுற்றிக்கொண்டு போய் வலது பக்கம் நின்று நீட்டினேன். வாங்கிக்கொண்டார்.

"ரயில் போயிடுச்சா?"

"போயிடுச்சு."

சரி என்று தலையாட்டிவிட்டுக் கயிற்றைக் கட்டப் போனார்.

தோட்டத்துக்கு வந்தேன். லயத்தில் பல வீடுகளில் கதவு சாத்தியிருந்தது. ஆண்கள் ரயிலேறிப்போன வீடுகளுக்கு முன்னால் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், யாரும் அழவில்லை. மனைவி என்னைப் பார்த்ததும் சாமிப் படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாள். அரிசியைக் கையில் வாங்கி முகர்ந்தாள். உலையில் போட்டுவிட்டு, மோட்டாருக்கு அப்படி என்னதான் கோளாறு என்று கேட்டாள்.

"கரி அடைச்சிருந்துச்சு."

"அதுக்கா பத்து நாளு?"

"ஆமா" என்றேன்.

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு அடுப்பை ஊதப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் சாகிற வரைக்கும் அதைப் பற்றிக் கேட்டதில்லை.