பம்ப் படத்தில் ஏழு வட்டங்கள்

தன்னாமுனையில் கச்சான் என்கிற நிலக்கடலைத் தோட்டம் செய்யும் யோகேஸ்வரி அக்கா, எங்களிடம் வாங்கிய தண்ணீர்ப் பம்பை நாலாம் நாளே ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு கடைக்குத் திரும்பி வந்தார். வலது மணிக்கட்டில் பற்பசை பூசியிருந்தது. பம்பை இறக்கும் முன்னரே, அதன் டாங்கியில் ஒட்டியிருந்த படத்தைக் காட்டிக் கேட்டார்:

“இந்தப் படம் கீறின ஆள் ஆரு?”

“நான்தான் அக்கா.”

“நீயா புள்ள? நீ போட்ட மாதிரித்தான் செஞ்சன். ஒண்டில இருந்து ஏழு மட்டும் ஒழுங்காச் செஞ்சன். ஏழில கை வெந்துட்டு.”

மட்டக்களப்பில் பண்ணை இயந்திரங்கள் விற்கும் அந்தச் சிறிய கடையில் நான் சேர்ந்து அப்போது எட்டு மாதம். இயந்திரப் பொறியியலில் டிப்ளோமா முடித்திருந்தேன். வெளிநாட்டுக் கைநூல்களைப் பார்த்து ஒரு பக்கத் தமிழ் வழிகாட்டி தயாரிப்பது என் வேலைகளில் ஒன்று. இதே வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பெருமைப்பட்ட படம்

இயந்திரத்தை வரைந்து, ஒவ்வொரு பாகத்திலிருந்தும் ஒரு கோடு இழுத்து, கோட்டின் நுனியில் வட்டம் போட்டு, அதற்குள் இலக்கம் எழுதுவோம். தொழிலில் இதைக் கோல்அவுட் என்பார்கள். நான் இடப்பக்க மேல் மூலையில் தொடங்கி மணிக்கூட்டுத் திசையில் சுற்றி வந்தேன். படித்த இடத்தில் அப்படித்தான் பழக்கினார்கள். 1 பெற்றோல் டாங்கி மூடி, 2 பெற்றோல் திறப்பு, 3 சோக், 4 சுவிட்ச், 5 இழுக்கும் கயிறு, 6 தண்ணீர் வெளியேறும் வாய், 7 தண்ணீர் ஊற்றும் மூடி. எல்லா வட்டமும் ஒரே அளவு. ஒரு கோடுகூட இன்னொன்றை வெட்டவில்லை. எனக்கு அந்தப் படத்தில் பெருமை இருந்தது.

படத்துக்குக் கீழே இயக்கும் முறை. அதன் முதல் வரி: “இலக்கம் 7 மூடியைத் திறந்து பம்பினுள் தண்ணீர் நிரப்பவும்.” நிரப்பாமல் எஞ்சினை ஓட்டினால் பம்ப் வெறுமனே சுற்றிச் சூடேறும், உள்ளே தண்ணீர் கசியாமல் தடுக்கும் சீல் கருகும்.

அக்கா 1 முதல் 5 வரை செய்தார். எஞ்சின் ஓடியது, தண்ணீர் வரவில்லை. 6இல் குழாயை ஆட்டிப் பார்த்தார். பிறகு 7ஐத் திறந்தார். கடையில் ஓட்டிப் பார்த்தபோது உள்ளே எஞ்சியிருந்த கொஞ்சத் தண்ணீர் ஆவியாகப் பாய்ந்தது.

கத்தரித்த பாதி

கீழ்ப் பாதி எங்கே என்று பம்பைச் சுற்றித் தேடினேன். இல்லை. தாள் டாங்கியின் பக்கத்துக்குப் பெரிதாக இருந்ததால், முதலாளி கத்தரிக்கோலால் குறுக்கே வெட்டிப் படத்தை மட்டும் ஒட்டியிருந்தார். மற்றப் பாதியை உத்தரவாத அட்டையோடு உறையில் போட்டுக் கொடுத்திருந்தார். அக்கா அதை அலுமாரியில் பத்திரமாக வைத்திருந்தார்.

முதலாளி ஓட்டமாவடிக்காரர். முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் வழக்கில் எல்லோருக்கும் அவர் காக்கா.

“காக்கா, எழுத்த ஏன் வெட்டினீங்க?”

“படம்தான் புள்ள முக்கியம். எழுத்த ஆரு வாசிக்கிற?”

“அதுதானே,” என்றார் அக்கா. “நானும் வாசிக்கல்ல.”

வெந்த கையோடு நின்றவரும் வெட்டியவரும் ஒரே கட்சி. எனக்குச் சிரிப்பு வந்தது. நான் கேட்ட அடுத்த கேள்வியில் அது நின்றுவிட்டது.

“இப்படி வெட்டி இன்னும் எத்தன பம்ப் குடுத்தீங்க?”

காக்கா விரல் மடித்தார். வவுணதீவில் மூன்று, கரடியனாற்றில் இரண்டு. அந்த மூடிக்கு மேலே யாராவது குனிந்தால், வேகப்போவது முகம்.

உடனே அழைத்தோம். நாலு பேர் எடுத்தார்கள். “முதல்ல தண்ணி ஊத்துங்க. ஓடினாப் பிறகு அந்த மூடியத் தொடாதீங்க. படத்தக் கிழிச்சுப் போடுங்க.” கரடியனாற்றில் ஒருவர் எடுக்கவில்லை. காக்கா பகல் சாப்பாட்டைத் திறக்காமலே மோட்டார் சைக்கிளை எடுத்தார். பின்னேரம் திரும்பி வந்து கசங்கிய தாளை என் மேசையில் வைத்தார். “அவர் இன்னும் கயிறு இழுக்கல்ல. அல்லாஹ் காப்பாத்தினான்.” என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அக்காவின் பம்புக்குப் புதுச் சீல் போட்டுத் தருவதாகச் சொன்னோம். “சரியாக்கி வைங்க,” என்றார். “ஆனா நான் இனி அதத் தொட மாட்டன். பக்கத்துத் தோட்டக்காரன் நேரமிருந்தா இழுத்துத் தருவான்.” அவனுக்கு நேரமில்லாத நாளில் கச்சான் காயும். அதுவும் என் படத்தின் கணக்கில்தான் சேரும் என்று எனக்குத் தெரிந்தது.

மை காணாத வட்டங்கள்

இரண்டாவது படத்தில் பாகங்களுக்கு வெள்ளை வட்டம், செய்யும் ஒழுங்குக்குக் கறுப்பு வட்டம் போட்டேன். பம்பை எடுக்க வந்த அக்கா உற்றுப் பார்த்தார்.

“இதென்ன, பாதி வட்டத்துக்கு மை காணாமப் போச்சா?”

காக்கா இருமும் வரை சிரித்தார். வெள்ளைக்கும் கறுப்புக்கும் நான் வைத்த சட்டம் எனக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

“அக்கா, ஒரு மணித்தியாலம் இருங்க. தேத்தண்ணி போடுறன்.”

முதலில் டாங்கியின் பக்கத்தை டேப்பால் அளந்தேன். பாக இலக்கங்களை முழுவதும் அழித்து, கோட்டு நுனியில் பெயரையே எழுதினேன். செய்யும் ஒழுங்குக்கு ஐந்து இலக்கங்கள் மட்டும், கை போகும் இடங்களில், பெரிதாக. 1 தண்ணீர் ஊற்றும் மூடியில். பக்கத்தில் ஒரு ஜக். அதே மூடியில் சிவப்பில் குறுக்குக் கோடு போட்ட கை: “சூடு. ஆறிய பிறகு திறக்கவும்.” இரண்டு இடத்தில் கோடுகள் வெட்டிக்கொண்டன. அழகான படம் அல்ல.

பேசாமல் நிற்றல்

கடைக்குப் பின்னால் பீப்பாயில் தண்ணீர் நிரப்பி, படத்தை ஒட்டி, அக்காவிடம் பம்பைக் காட்டினேன். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். காக்கா வாயைத் திறந்தார், கண்ணால் நிறுத்தினேன்.

அக்கா கொஞ்ச நேரம் தொடவே இல்லை. பிறகு படத்தைப் பார்த்தார், ஜக்கை எடுத்தார், தண்ணீர் ஊற்றினார். திறப்பு, சோக், சுவிட்ச், கயிறு. எஞ்சின் பிடிக்கவில்லை. குளிர்ந்த எஞ்சின் பிடிக்கத் தள்ளவேண்டிய சோக் பாதியில் நின்றது எனக்குத் தெரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் மீண்டும் படத்தைப் பார்த்து, சோக்கை முழுவதும் தள்ளி, இழுத்தார். தண்ணீர் பாய்ந்து காக்கா உடுத்திருந்த சாரனை நனைத்தது.

நிறுத்திய பின் அவர் கை தானாக மூடிப் பக்கம் போனது. சிவப்புக் கையைக் கண்டதும் நின்றது.

“நீ ஏன் புள்ள ஊம மாதிரி நிக்கிற?”

“பேசினாச் சோதனை பிழைச்சிடும் அக்கா.”

“சோதனையா? எனக்கா?”

“எனக்கு.”

“அப்ப பாஸ் எண்டு வெச்சுக்க. காக்கா, ஓட்டோவக் கூப்பிடுங்க. நானே போய்க் கச்சானுக்குத் தண்ணி விடோணும்.”

மற்ற ஐந்து பம்புக்கும் அந்தக் கிழமை முடியும் முன்பே நேரில் போய்ப் புதுப் படம் ஒட்டினோம்.

இப்போதும் கோல்அவுட் போடுகிறேன். அச்சுக்கு அனுப்பும் முன், எழுத்தை மறைத்துப் படத்தை மட்டும், அந்த இயந்திரத்தைத் தொடப்போகிறவரிடம் கொடுக்கிறேன். இலக்கத்தைக் கண்டால் மனிதர் ஒன்றிலிருந்து தொடங்குவார்கள். அதை எந்தக் குறிப்பாலும் நிறுத்த முடியாது. அப்படித் தொடங்கினாலும் கை வேகாத இடத்தில் ஒன்றை வைப்பதுதான் எங்கள் வேலை.