பல்லாவரத்துல நின்ன வண்டி

அப்பா போயி முப்பது நாள் முடிஞ்சிச்சு. அதுலேர்ந்து அவரோட கார யாரும் ஸ்டார்ட் பண்ணல. வாசல்ல அப்டியே நிக்குது, மேல வேப்பம்பழம் விழுந்து ஒட்டிகினு கீது. எனக்கு வூட்டுக்குள்ள உக்காரவும் முடியல, படுக்கவும் முடியல. நேத்து காலையில சாவிய எடுத்துகினு போயி வண்டியில உக்காந்துட்டேன். பேட்டரி செத்துடக் கூடாதேனு ஒரு சாக்கு. கைய எங்க வெக்கறதுனு தெரியாம ஒவ்வொண்ணா தொட்டு பாத்துகினு இருந்தேன். சோக்கு குமிழ்ல கை பட்டதும் பல்லாவரம் ஞாபகம் வந்துடுச்சு. இத நான் இதுவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொன்னது இல்ல.

எங்க வூடு பீர்க்கன்கரணை. அப்பா தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்து ஸ்டாண்டுல வாடகைக்கு இந்த வண்டிய ஓட்டிகினு இருந்தாரு. முன்னாடி ஒரே நீட்டு சீட்டு, ஸ்டீயரிங்க ஒட்டியே கியரு. காலையில அவரு அந்த வண்டிய எடுக்கறத பாக்கணும். பானட்ட தூக்கி ஆயில் கம்பிய உருவுவாரு, தொடச்சி திரும்ப வுட்டு பாப்பாரு. ரேடியேட்டருக்கு ஒரு சொம்பு தண்ணி. டயருக்கு ஆளுக்கொரு ஒதை. பிரேக்க மூணு வாட்டி மிதிப்பாரு. எல்லாம் முடிஞ்சப்புறம்தான் என்னைக் கூப்புடுவாரு. சோக்கு இழுக்கறது என் வேல.

இஞ்சின் சில்லுனு கெடக்கும்போது அந்தக் குமிழ வெளிய இழுத்தா பெட்ரோலு கூட போயி டக்குனு புடிச்சிக்கும். புடிச்சதும் உள்ள தள்ளிடணும். தள்ளாம மறந்துட்டா வண்டி பெட்ரோல குடிச்சி குடிச்சி மூச்சு முட்டி, கரும்பொகைய கக்கிகினு நின்னுபூடும். ஒரு வாட்டி நான் மறந்துட்டேன், ஏரி முனையிலயே நின்னுச்சு. அப்பா எறங்கக்கூட இல்ல. மூக்க ஒரு உறிஞ்சு உறிஞ்சிட்டு நேரா சோக்குல கை வெச்சாரு. "பெட்ரோலு கவுரு அடிக்குது, மூக்கு இன்னாத்துக்கு கீது உனுக்கு?"னு தலையில ஒரு தட்டு தட்டுனாரு.

ஸ்டாண்டுல எவன் வண்டியாவது நின்னு அவன் ஒடனே பானட்ட தொறந்தா போதும், அப்பா டீ கிளாஸோட போயி கலாய்க்க ஆரம்பிச்சுடுவாரு. "டேய், உக்காந்த எடத்துலயே மொதல்ல பாருடா. சாவி, சோக்கு, பெட்ரோலு முள்ளு. எறங்கறவன்லாம் மெக்கானிக்காடா?" இத ஸ்டாண்டே அவரு மாதிரி பேசிக் காட்டும்.

எனக்கு ஒம்போது வயசுல அப்பாவுக்கு காலு ஒடஞ்சிச்சு. ஆறு மாசம் வண்டி வாசல்லயே நின்னுச்சு. வூடு கவுந்துபோச்சு. அப்பதான் அம்மா குவைத்துக்கு வூட்டு வேலைக்கு போறேன்னுச்சு. ரெண்டு வருஷம். அப்பாவும் அம்மாவும் ஒரு மாசம் அதுக்கு சண்ட போட்டாங்க. அப்புறம் அப்பா சண்ட போடறத வுட்டுட்டாரு. அதுதான் எனக்கு பயமா இருந்துச்சு.

போற நாளு, குவைத்துக்கு ஆளு அனுப்பற ஏஜென்ட் சொன்னான், "வேற வண்டி இன்னாத்துக்கு, வூட்டுக்காரர் வண்டிதான் சும்மா நிக்குதே." அப்பாவுக்கு காலு அப்பதான் தேறி இருந்துச்சு. வண்டிய எடுத்தாரு. முன்னாடி அப்பா, நடுவுல நானு, ஜன்னல் ஓரம் அம்மா. தாம்பரத்துல ஏஜென்ட்டும் கோவிலம்பாக்கத்து அக்கா ஒருத்தங்களும் பின்னாடி ஏறுனாங்க. அந்த அக்காவும் அதே பிளேன்லதான் போறாங்க. பாஸ்போர்ட்டுலாம் ஏஜென்ட் மடியில ஒரு பையில. "இந்த பிளேன வுட்டா வேற ஆள அனுப்பிடுவாங்க, அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது"னு தாம்பரத்துலேர்ந்து குரோம்பேட்ட வர்றதுக்குள்ள நாலு வாட்டி சொன்னான்.

எனக்கு அது ஒண்ணுதான் காதுல ஏறுச்சு. பிளேன வுட்டா அம்மா போவாது.

குரோம்பேட்ட தாண்டுனதுலேர்ந்து நான் சோக்கையேதான் பாத்துகினு வந்தேன். காலு ரெண்டும் சும்மா நிக்கல. அம்மா ரெண்டு வாட்டி முட்டிய புடிச்சி அமுக்கிச்சு. பல்லாவரம் கிட்ட வண்டிங்க ஒண்ணு மேல ஒண்ணு நின்னுச்சு. ஒரு லாரிய தாண்டறதுக்கு அப்பா வலது கைய ஜன்னலுக்கு வெளிய நீட்டி சைகை காட்டுனாரு, தலையும் அந்தப் பக்கம் திரும்புச்சு. அம்மா வெளிய மலையப் பாத்துகினு இருந்துச்சு. நான் இழுத்துட்டேன். முழுசா.

கொஞ்ச தூரத்துல வண்டி கமற ஆரம்பிச்சிச்சு. பின்னாடி கருப்பா பொகை. பக்கத்துல ஊர்ந்துகினு வந்த பஸ்ஸுல கண்டக்டர் தலைய வெளிய நீட்டி, "இன்னா நைனா, பல்லாவரத்துக்கே கொசு மருந்து அடிக்கிறியா?"ன்னாரு. பஸ்ஸே சிரிச்சிச்சு. அப்பா ஓரம் கட்டறதுக்குள்ள வண்டி ரெண்டு குலுக்கு குலுக்கி நின்னுச்சு.

அப்பா சாவிய போட்டு அடிச்சாரு. கிர்ரு கிர்ருனு கத்துச்சு, புடிக்கல. இன்னொரு வாட்டி. புடிக்கல. நான் மூச்ச அடக்கிகினு இருந்தேன், இதோ மூக்க உறிஞ்சுவாரு, தலையில தட்டுவாருனு. அப்பா ஒரு நிமிஷம் ஸ்டீயரிங்க புடிச்சிகினு சும்மா இருந்தாரு. அப்புறம் கதவ தொறந்து எறங்கி, முன்னாடி போயி பானட்ட தூக்கிட்டாரு.

எனக்கு சிரிப்பு வந்துச்சு, பயமும் வந்துச்சு. அப்பாவையே ஏமாத்திட்டேன்னு நெனச்சேன்.

"இன்னா டிரைவரே, பொண்டாட்டிய அனுப்பற அன்னிக்கிதான் வண்டி படுக்குமா?" ஏஜென்ட் எறங்கி வாட்ச்ச பாத்து பாத்து நடந்தான். "ஆட்டோ புடிக்கட்டா?"

"தோ, ரெண்டு நிமிஷம் சார். கரண்டு பாயிண்ட்ல அழுக்கு."

பாயிண்ட் தொடச்சேன்னாரு. அப்புறம் பெட்ரோலு பைப்புல தூசின்னாரு. அப்புறம் பேட்டரி கம்பி லூசுன்னாரு. தலைக்கு மேல பிளேனு ஒண்ணு எறங்குச்சு, அவ்ளோ தாழ்வா, கண்ணாடி அதிர்ந்துச்சு. இதுதான் அம்மாவோடதா, இது போயிட்டு இன்னொண்ணு வருமானு எனக்குத் தெரியல. பானட்டுக்கும் வண்டிக்கும் நடுவுல இருந்த சந்துல அப்பாவோட கை மட்டும் தெரிஞ்சிச்சு. ஸ்பேனர் எதுவும் கையில இல்ல. அழுக்குத் துணிய ஒரு கையிலேர்ந்து இன்னொரு கைக்கு மாத்தி மாத்தி புடிச்சிகினு இருந்தாரு. காலு வலிக்குது போல, நின்னு எளப்பாறுறாருனு நெனச்சேன்.

அம்மாவோட கண்ணு டேஷ்போர்டு மேல. நேரா சோக்கு மேலதான். வெளிய நீட்டிகினு இருந்த குமிழ பாத்துச்சு, என்னைப் பாத்துச்சு, திரும்ப குமிழ பாத்துச்சு. மாட்டுனோம்டானு நான் கண்ண மூடிகினேன். தொறந்து பாத்தா அம்மா அப்டியேதான் ஒக்காந்து கீது. கை மடியில. ஒண்ணும் பண்ணல. ஏஜென்ட் ஆட்டோவுக்கு கை காட்டிகினு இருந்தான், லக்கேஜ பாத்துட்டு ரெண்டு ஆட்டோ நிக்காம போச்சு.

பின்னாடி அந்த அக்கா அழ ஆரம்பிச்சாங்க. சத்தமே இல்ல, மூக்கு உறிஞ்சற சத்தம் மட்டும். "கைக்கொழந்தைக்கு பால மறக்கடிச்சிட்டு வந்துருக்கேன்க்கா. இப்ப போலன்னா அதுவும் வீணாபூடும்"னாங்க.

அம்மா கைய நீட்டி கட்டை வெரலால சோக்க உள்ள தள்ளுச்சு. மெதுவா. கொழந்தைய தட்டிகொடுக்கற மாதிரி. அப்புறம் ஜன்னல் வழியா, "இன்னாயா, போதும். ஆக்சிலேட்டர ஃபுல்லா மிதிச்சி அடி, புடிச்சிக்கும்"னுச்சு.

அப்பா ஒடனே வரல. பானட்டுக்கு பின்னாடி கொஞ்ச நேரம் நின்னாரு. அப்புறம் மூடிட்டு வந்து உக்காந்து, ஆக்சிலேட்டர தரையோட மிதிச்சி சாவிய திருப்புனாரு. ரெண்டாவது வாட்டி வண்டி பொகைய கக்கிட்டு புடிச்சிகிச்சு. "மெக்கானிக் வேலைய வூட்டம்மாகிட்ட குடுத்துடுங்க"னு ஏஜென்ட் சிரிச்சான். அப்பாவும் சிரிச்சாரு. ஏர்போர்ட்டு வரைக்கும் என் தலைய யாரும் தட்டல.

அம்மா போச்சு. சொன்ன மாதிரி ரெண்டு வருஷம் கழிச்சி வந்துச்சு. அந்த ரெண்டு வருஷமும் காலையில சோக்க நான் இழுத்தேன், நானே தள்ளுனேன், அப்பா ஒரு வாட்டிகூட பல்லாவரத்த பத்தி பேசல. நான் தப்பிச்சிட்டேன்னே நெனச்சிகினு இருந்தேன்.

நேத்து சோக்க இழுத்து ஸ்டார்ட் பண்ணேன். புடிச்சிச்சு. தள்ளலாம்னு கை வெச்சவ தள்ளல, அப்டியே வுட்டு பாத்தேன். ரெண்டு நிமிஷம்தான். வண்டிக்குள்ள கவுரு, கண்ணு எரியுது, தொண்டைய அடைக்குது. தெரு முனையில இருக்கறவனுக்கே தெரிஞ்சிருக்கும். ஏரி முனையில எறங்காமயே கண்டுபுடிச்சவரு, அன்னிக்கி இந்த நாத்தத்துல உக்காந்துட்டு எறங்கிப் போயி பாயிண்ட்ட தொடச்சாரு.

வண்டி ஆடி நின்னுச்சு. அம்மா மூக்க முந்தானையில மூடிகினு வந்து, பக்கத்து கதவ தொறந்து அதே எடத்துல உக்காந்துச்சு. "தெரு பூரா நாறுது. இன்னாடி பண்ற?"

"பல்லாவரத்துல அப்பாவுக்கு தெரியும் இல்லம்மா."

அம்மா வெளிய நீட்டிகினு இருந்த குமிழ பாத்துகினு ஒக்காந்துருந்துச்சு, கை மடியில. ரொம்ப நேரம். அன்னிக்கும் இவ்ளோ நேரம்தான் ஒக்காந்துருந்துச்சு. நான்தான் அத, என்னைத் தட்டப் போவுதுனு தப்பா நெனச்சி பயந்துகினு இருந்தேன்.