பத்தாம் தட்டு

சட்டைப் பொத்தான், சாவி, சீப்பு, தேநீர்க் கோப்பை, கடைசியாகப் பேனா. பக்கவாதம் பிடுங்கிக்கொண்டதில் தம்பியின் வலது கை திரும்ப வாங்கியவை இவை. வரிசை அக்காவுக்கு மனப்பாடம். கை இன்னும் ஓயவில்லை. சாப்பாட்டு மேசையோ நாற்காலியின் கையோ, கிடைத்த இடத்தில் சுண்டு விரலில் தொடங்கிச் சுட்டு விரல் வரை ஒவ்வொன்றாக வெளிப்பக்கம் சுண்டிக்கொண்டேயிருக்கிறான்.

பேருந்து ஓட்டியவன். வாதத்துக்குப் பிறகு விரல்கள் மடங்கின, விரிய மறுத்தன. இப்படிச் சுண்டச் சொன்னது, ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுத்த பெண். சுண்டியே கிட்டார் வாசிக்கிற ஸ்பானிய முறை ஒன்று உண்டு, ஃபிளமெங்கோ என்று பேர் என்றும் அவள்தான் சொன்னாள். மறுநாளே பழைய கிட்டார் ஒன்று வீட்டுக்கு வந்தது. "ஹார்ன் அடிச்ச கைடா, பாத்து" என்றார்கள் பணிமனை நண்பர்கள். வலது கை நகங்களை மட்டும் வளர்த்தான். அவற்றை அரம் வைத்துத் தேய்ப்பது அக்காவின் வேலை. "பிசிறு இருந்தா நரம்பு திட்டும்க்கா" என்று ஒவ்வொரு நகத்தையும் கன்னத்தில் உரசிப் பார்ப்பான்.

நோயில் படுக்கையில் கிடந்த அவன் மனைவி கை தட்டிக் கணக்குச் சொல்வாள். ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு தட்டு. பத்தாவதில் அழுத்தம் விழ வேண்டும். அங்கே மோதிர விரல் சண்டித்தனம் செய்யும், அவன் பிந்துவான்.

"பத்தாவது ஸ்டாப்புல யாரை ஏத்திக்கிட்டிருக்கீங்க?"

"உன்னைத்தான். நீதானே எப்பவும் லேட்டு."

அவள் உடம்பு தேறாது என்பது மூவருக்கும் தெரியும். "ஒரே ஒரு சுத்து தடங்கலில்லாம வாசிச்சுக் காட்டிட்டாப் போதும்க்கா" என்றான் ஒருநாள், கிட்டாரைப் பார்த்தபடி. மருத்துவமனையில் கட்டில் கம்பியே கிட்டாரானது. ஊசி ஏறாத கையால் அவள் விரிப்பில் தட்டினாள். பத்தாவது தட்டுக்காகக் கடைசிவரை காத்திருந்தாள். அது நேரத்துக்கு வரவேயில்லை.

அவள் உடலை வாங்கக் கையெழுத்துக் கேட்டார்கள். வாதம் வந்த நாளிலிருந்து அவனுக்குக் கைநாட்டுத்தான். அக்கா முன்யோசனையாக மைப்பெட்டியைக் கேட்டு வாங்கி வைத்திருந்தாள். அவன் அதை ஒதுக்கிவைத்தான்.

"பேனா குடுக்கா."

வாங்குவதற்கு முன் மேசை விளிம்பில் விரல்களைச் சுண்டினான். ஒன்பது வரை பிசகில்லை. பத்தாவதில் நின்றான், வழக்கத்தைவிட அதிக நேரம். யாரும் ஏறவில்லை. மிச்சம் இரண்டையும் சுண்டி முடித்தான்.

பிறகு, வாதம் வந்தபின் முதன்முறையாகத் தன் பெயரை எழுதினான். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருந்தன. கீழே தேதியையும் அவனே போட்டான்: மார்ச் பதினொன்று. பத்து கடந்துபோயிருந்தது.