எஞ்சின் நம்பர்

ஊரில் போர்நிறுத்தம் வந்த அடுத்த ஆண்டு, 2003 செப்டம்பர். பால்டிக் கடலடியில் கிடந்த ஒரு சிறு மீன்பிடிப் படகைச் சுழியோடிப் பார்க்கப் பேர்லினிலிருந்து காரில் புறப்பட்டேன். எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் இருந்த அண்ணையும் கூட வந்தார். உணவகத்தில் சமையல் வேலை, சுழியோடத் தெரியாது.

"விறைக்கிறதுக்கு இவ்வளவு தூரமோ? எங்கட கடை ஃப்ரீசருக்க ஏறி இருந்தாக் காணாதே?" என்று வழியெல்லாம் பகிடி பண்ணினார்.

அவர் வந்த காரணம் வேறு. 1986இல் அவருடைய தம்பி வள்ளத்தில் மீன்பிடிக்கப் போய்த் திரும்பவில்லை. உடலோ பலகையோ கரை சேரவில்லை. வள்ளத்தின் எஞ்சின் நம்பர் மட்டும் அண்ணைக்கு மனப்பாடம். நவம்பரில் ஊருக்குப் போய், வலையில் சிக்கி வந்த பழைய எஞ்சின்களில் அந்த நம்பரைத் தேடுவதாக இருந்தார். இந்தப் படகும் அதே ஆண்டு மூழ்கியதுதான் என்று நான் எங்கோ வாசித்ததைச் சொன்னதும் கிளம்பிவிட்டார்.

"பதினேழு வருசம் கழிச்சும் எஞ்சின்ல நம்பர் தெரியுதோ எண்டு மட்டும் பாத்துச் சொல்லும்."

சுழியோடும் சங்கத்து ஜெர்மன் நண்பரோடு இறங்கினேன். பச்சை இருட்டு. உதடு முதலில் மரத்தது, பிறகு விரல்கள். மரம் தின்னும் கடற்புழுவுக்கு அங்கே நீரின் உப்புப் போதாது. படகு பலகை குலையாமல் சரிந்து கிடந்தது. ஒரு கணம் எனக்கே நம்பிக்கை வந்தது. எஞ்சினைக் கையுறையால் தேய்த்தேன். நம்பர் பொறித்திருக்க வேண்டிய இடம் பொருக்காகப் பெயர்ந்து, கலங்கலோடு போயிற்று.

மேலே வந்து, அண்ணை காத்திருந்த படகில் ஏறியதும் கேட்டார்.

"நம்பர்?"

"இல்லை அண்ணை."

"சுரண்டிப் பாத்தனீரோ?"

"இரும்பே கையோட வருது."

"அது வேற நாட்டு எஞ்சின்," என்றார். பிறகு தானே சிரித்தார். "எங்கடையும் வேற நாட்டு எஞ்சின்தான்."

"பலகை?" என்றார்.

"முழுசாக் கிடக்கு. ஆனா எங்கட கடல்ல புழு இருக்கு, அண்ணை."

"ஓம். புழு இருக்கு."

குடுவையிலிருந்து தேநீர் ஊற்றித் தந்தார். மரத்த விரல்களுக்குள் கோப்பை நிற்காமல் பாதி சிந்தியது. மீதியைக் குடித்து முடிக்கும்வரை கோப்பையைத் தானே பிடித்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் பகிடி இல்லை. நவம்பரில் அவர் ஊருக்குப் போகவில்லை. கடையில் ஆள் காணாது, முதலாளி விடவில்லை என்றார்.