விளம்பரத்துக்குள் அவிந்த சோறு

மயில்வாகனம் அண்ணை எங்கள் வீட்டுப் பின்பக்க அறைக்கு வாடகைக்கு வந்த அன்றே கிணற்றை எட்டிப் பார்த்தார். ஒரு வாளி அள்ளி, கையில் ஏந்தி, வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். “தங்கச்சி, உதுக்குள்ள ஒண்டும் விழேல்லைத்தானே?” என்று கேட்டார். “விழுந்தால் சத்தம் கேட்டிருக்கும் அண்ணை” என்றேன். அவர் சிரிக்கவில்லை. இன்னொரு வாளி அள்ளிப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியை உள்ளே எடுத்துப் போனார்.

இரண்டாயிரமாம் ஆண்டு வவுனியாவில் சந்தேகப்படாமல் இருந்தவர் யார்? ஆமி தருகிற பாஸ் இல்லாமல் சந்திக்குப் போக முடியாது. பாஸோடு போனாலும் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார்கள். பக்கத்து வளவுக்குப் புதிதாக ஆள் வந்தால் நாங்களும் வேலிப் பொட்டுக்குள்ளால் பார்த்து, யார் எவர் என்று விசாரிப்போம். அதெல்லாம் ஊருக்குப் பொதுவான வருத்தம். அண்ணையின் வருத்தம் வேறு. மனிதர் சாம்பாருக்குள் கிடக்கிற முருங்கைக்காயையும் விசாரித்துவிட்டுத்தான் கடிப்பார்.

புளியங்குளத்தில் வயலும் மாடுமாக இருந்தவர். அங்கே சண்டை தொடங்கியபோது மனைவி சிவனேஸ்வரி அக்காவையும் மகன் செந்தூரனையும் கூட்டிக்கொண்டு காட்டுப் பக்கம் போய், இரண்டு வருடம் அலைந்து, பிறகு இந்தப் பக்கம் வந்து சேர்ந்தவர். “விமலம், இடம்பெயரேக்க இவர் உழவு மெசின் பெட்டியில இருந்து தலைகுத்தா விழுந்தவர். அண்டையில இருந்து மனிசன் இப்பிடித்தான். ஒண்டையும் நம்பாது” என்று சிவனேஸ்வரி அக்கா என்னிடம் சொன்னார். தலையில் அடிபட்டால் இப்படியும் வருமோ என்று நானும் நம்பிவிட்டேன்.

எங்கள் வீட்டில் கலர் ரிவி இருந்தது. என் மனிசன் சவுதியிலிருந்து அனுப்பியது. பக்கத்து வீட்டு டிஸ்ஸிலிருந்து வயர் இழுத்து இந்தியச் சனல் பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சமையல் போட்டி. மூன்று பெண்கள், மூன்று அடுப்பு, ருசி பார்க்க ஒரு மீசைக்காரரும் பெரிய பொட்டு வைத்த ஒரு அம்மாவும். அந்த நேரம் வந்தால் அண்ணை முதல் ஆளாக வந்து, கதிரையை ரிவிக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்காருவார். செந்தூரன் வாசலோடு நிற்பான். அவன் பாமசியில் வேலை செய்கிறவன். ரிவி பார்க்க வந்ததாகத்தான் சொல்வான். ஆனால் அவன் கண் போகிற இடம் என் தங்கச்சியின் மகள் கௌசலா. அவளும் அந்த நேரம் பார்த்துத்தான் தலையை இழுத்துக் கட்டிக்கொண்டு வந்து உட்காருவாள். எனக்குக் கண் இல்லையா?

போட்டி தொடங்கினால் என் வாய் சும்மா கிடக்காது. “தேங்காய்ப்பால் விடாமல் உதென்ன கண்டறியாத கறி? வெந்தயத்தைக் கருக்கிப் போட்டாளே, கைக்கும் எல்லோ!” என்பேன். சிவனேஸ்வரி அக்கா, “புளி கூடிப் போச்சு, நிறத்தைப் பாருங்கோ” என்பார். அண்ணை ஒரு நாளும் கறியைப் பற்றிக் கதைக்க மாட்டார். அவருக்கு அலுவல் கள்ளம் பிடிப்பது.

“அரிசியைப் போட்டவள். விளம்பரம் போட்டாங்கள். விளம்பரம் முடியச் சோறு அவிஞ்சு கிடக்கு. சவர்க்கார விளம்பரத்துக்குள்ள சோறு அவியுமோ தங்கச்சி? மேசைக்குக் கீழ வேற பானை கிடக்கு.”

“அது படம் பிடிச்சு வெட்டி ஒட்டிறது மாமா” என்பாள் கௌசலா.

“அதைத்தான் நானும் சொல்லுறன் பிள்ளை. வெட்டி ஒட்டிப் பேய்க்காட்டுறாங்கள்.”

ஒரு நாள் வெங்காயம் வெட்டுகிற கையை மட்டும் காட்டினார்கள். அண்ணை எழும்பியே விட்டார். “இது அவளின்ர கை இல்லை! அவளுக்குக் காப்பு சிவப்பு. இந்தக் கைக்குப் பச்சை!” கௌசலா உற்றுப் பார்த்தாள். உண்மைதான், பச்சைக் காப்பு. அதற்குப் பிறகு மனிதரைப் பிடிக்க முடியுமா?

மீசைக்காரரைக் கண்டால் அவருக்குக் கொதி வரும். “பார், பார், வாயில வைக்க முன்னமே தலையாட்டுறான். தலையாட்டியளை எங்களுக்குத் தெரியாதோ?” சுற்றிவளைப்பில் முகத்தை மூடிக்கொண்டு இருந்து, தலையாட்டி ஆளைக் காட்டிக் கொடுப்பவனைத்தான் எங்கள் ஊரில் தலையாட்டி என்பது. “ருசி பாத்துச் சொல்லேல்லை. சமைச்சவளின்ர முகத்தைப் பாத்துச் சொல்லுறான். அவள் சிரிச்சால் நல்லாயிருக்கெண்டுறான். எனக்கு உந்தப் பித்தலாட்டம் நல்லாத் தெரியும்.” எப்படி அவ்வளவு நல்லாய்த் தெரியும் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

கௌசலாவுக்கு அந்த வருடம் இருபத்தெட்டு. தாய் இல்லாத பிள்ளை. தகப்பன் ஜெயபுரத்தில், சண்டைக் கோட்டுக்கு அந்தப் பக்கம். நினைத்த நேரம் வர முடியாத ஆள். பிள்ளை முன்பள்ளியில் படிப்பித்துக்கொண்டு என்னோடு இருந்தாள். ஏற்கெனவே ஒரு சம்பந்தம் நாள் வைக்கிற வரைக்கும் வந்து முறிந்தது. வெளிநாட்டில் அண்ணன்மார் இருக்கிற பெண் கிடைத்தாள் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லாமல் கொள்ளாமல் நழுவினார்கள். அந்த முறை அவள் அழவில்லை. இரண்டு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. இன்னொன்று முறிந்தால் இந்தப் பிள்ளை தாங்க மாட்டாள் என்கிற பயம் எனக்கு இருந்துகொண்டே இருந்தது.

ஆகவே செந்தூரனின் கதையை நானே எடுத்தேன். சிவனேஸ்வரி அக்காவுக்கு வாயெல்லாம் பல். சாதகமும் பொருந்தியது. அண்ணை மட்டும் தாடையைத் தடவிக்கொண்டு இருந்தார்.

“எல்லாம் சரி தங்கச்சி. ஆனா பிள்ளை சமைக்கிறதை நான் பக்கத்தில நிண்டு பாக்கவேணும்.”

எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. “இதென்ன அண்ணை, சமையல் போட்டியோ? சமைச்சு அனுப்பிறம், திண்டு பாத்துச் சொல்லுங்கோவன்!”

“திண்டு பாத்து என்னத்தைக் கண்டது? ஆர் சமைச்சதெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? முதல்ல இருந்து கடைசி மட்டும் நான் பாக்கவேணும். இடையில விளம்பரம் போடக் கூடாது.”

இதற்குள் என்னவோ கிடக்கிறது என்று எனக்குப் பட்டது. சீதனத்தை ஏற்றப் போகிறாரோ? அல்லது வேறு இடத்தில் பெண் பார்த்து வைத்துக்கொண்டு குறை சொல்ல வழி தேடுகிறாரோ? சூடு கண்ட பூனை நான். வேண்டாம், விடு என்று கௌசலாவிடம் சொன்னேன். அவள் கேட்கவில்லை. “நிண்டு பாக்கட்டும் பெரியம்மா. மடியில கனமிருந்தாத்தானே வழியில பயம்” என்றாள். சொன்ன வாய் உறுதியாகத்தான் இருந்தது. கைவிரல்கள் சட்டை நுனியைத் திருகிக்கொண்டிருந்தன.

அடுத்த ஞாயிறு ஊர்க்கோழி வாங்கினேன். குசினி எங்கள் வீட்டில் பின்பக்கம், தனிக் கொட்டில். விறகடுப்பு. அண்ணை உள்ளே போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நாங்கள் வரக் கூடாது என்பது அவருடைய சட்டம். நாங்கள் கூடத்தில் இருந்து ரிவி போட்டோம். யாருக்கு அதில் மனம் போகும்? குசினியிலிருந்து அவருடைய கேள்விகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன.

“கை கழுவினியோ பிள்ளை?” “ஓம் மாமா.” “இந்தத் தூள் ஆர் வறுத்தது?” “நான்தான் மாமா.” “கோழி எப்ப உரிச்சது? எங்க வைச்சிருந்தனி?” “காலமைதான் மாமா, சட்டியில மூடி வைச்சிருந்தனான்.” “அடுப்பு எரியிறது காணாது போல கிடக்கு.” “இந்தா மாமா, ஒரு கொள்ளி தள்ளிவிட்டிருக்கிறன்.”

செந்தூரன் நகம் கடித்தான். “அப்பாவுக்கு விசர்” என்று முணுமுணுத்தான். சிவனேஸ்வரி அக்காவுக்கு முந்தானையால் துடைத்துத் துடைத்து முகம் சிவந்துவிட்டது.

“சோத்துப் பானை கழுவினதோ?” என்று மறுபடி அண்ணையின் குரல். “கழுவினது மாமா.” “நான் காணேல்லை.” “அப்ப திரும்பக் கழுவிக்கொண்டு வாறன். கறியை ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்கோ.” “நீ போ. நான் கண்ணெடுக்க மாட்டன்.” கௌசலா பானையோடு கிணற்றடிக்குப் போவது யன்னலால் தெரிந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்தாள், தேய்த்தாள், அப்படித் தேய்த்தாள்.

ரிவியில் மீசைக்காரர் கரண்டியைத் தூக்கினார். அப்போதுதான் சிவனேஸ்வரி அக்கா மூக்கைச் சுளித்தார். “விமலம், என்னவோ அடிப்பிடிக்குது.”

எனக்கும் மணந்தது. ஐயோ, கோழி! மூன்று பேரும் விழுந்தடித்து ஓடினோம். வாசலில் கால் வைக்கவே மூக்கை அரித்தது, அப்படி ஒரு கருகல். அண்ணை அடுப்பிலிருந்து ஒரு முழத் தூரத்தில், கையைக் கட்டியபடி, சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்ன ஓடியாறியள்? ஒருத்தரும் உள்ளுக்கு வரேல்லை. மூடி திறபடேல்லை. எல்லாம் ஒழுங்காத்தான் போகுது” என்றார்.

எனக்கு வந்த கொதியில் என்ன சொல்கிறேன் என்றே தெரியவில்லை. “ஒழுங்கோ? பக்கத்தில நிண்டு கருக விட்டுப்போட்டு ஒழுங்கோ? வேணுமெண்டு செய்திருக்கிறியள் அண்ணை! பிள்ளையைக் கிணத்தடிக்கு அனுப்பிப்போட்டு, சட்டியை எரிய விட்டு, நாளைக்கு ‘பெட்டைக்குச் சமைக்கத் தெரியாது’ எண்டு சொல்லத்தானே? விருப்பமில்லையெண்டால் முகத்துக்கு நேர சொல்லுங்கோவன்! தாயில்லாப் பிள்ளையை ஏன் இப்பிடி வதைக்கிறியள்?”

கௌசலா ஈரப் பானையோடு வாசலில் வந்து நின்றாள். சட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பானையை மெதுவாகக் கீழே வைத்தாள். அந்த முகத்தை நான் முன்பும் ஒருமுறை கண்டவள்.

“கருகிப் போச்சோ?” என்று அண்ணை கேட்டார். மூடியைத் திறந்து குனிந்து பார்த்தார். மேலே பால் வற்றி, எண்ணெய் மிதந்து, பார்வைக்குக் குறையில்லாமல்தான் கிடந்தது. “மேல நல்லாத்தானே இருக்கு” என்று அகப்பையால் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கினார். நக்கிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். மகனின் முகத்தைப் பார்த்தார். கடைசியாக மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

“நல்லா... நல்லாயிருக்கு” என்றார்.

செந்தூரன், “அப்பா!” என்று கத்தினான். சிவனேஸ்வரி அக்கா அவனைக் கையால் தடுத்துவிட்டுக் கிட்டப் போனார். “இஞ்சேருங்கோ. உங்களுக்கு மணக்கேல்லையோ?”

அண்ணை அகப்பையைப் பிடித்தபடி நின்றார். அடுப்பிலிருந்து சட்டியை இறக்குவதற்குக்கூட எங்களில் ஒருவருக்கும் கை வரவில்லை.

“எப்பவிருந்து?” என்று அக்கா கேட்டார்.

“மெசினால விழுந்த நாளில இருந்து. உப்புத் தெரியும், உறைச்சால் நாக்குச் சுடும். மற்றதொண்டும் இல்லை. மணமுமில்லை, ருசியுமில்லை.”

“அப்ப இவ்வளவு நாளும் நல்லாயிருக்கு, நல்லாயிருக்கெண்டு சொன்னது?”

“உன்ர முகத்தைப் பாத்துச் சொன்னனான். நீ சிரிச்சுக்கொண்டு கோப்பையை வைச்சால் நல்லாயிருக்கெண்டுவன். முகத்தைத் தூக்கிக்கொண்டு வைச்சால் புளி கொஞ்சம் கூடவெண்டுவன்.” அகப்பையைச் சட்டிக்குள் வைத்தார். “காட்டுக்குள்ள கிடந்த நேரம் வெறும் பருப்பை அவிச்சு வைச்சுப்போட்டு அழுதுகொண்டு நிண்டனி. அண்டைக்கு நான் எப்பிடி உனக்கு இதைச் சொல்லுறது?”

சிவனேஸ்வரி அக்கா பலகையில் இருந்துவிட்டார். அண்ணை கௌசலாவின் பக்கம் திரும்பினார்.

“பிள்ளை, போன வருஷம் பழுதான மீனைத் திண்டுபோட்டு ஆஸ்பத்திரியில கிடந்தனான். எனக்கு நல்லதும் ஒண்டுதான், பழுதும் ஒண்டுதான். நாளைக்கு உன்ர கையால சாப்பிடப் போறவன். கையைப் பாக்காமல் நான் வேற எதைப் பாக்கிறது?”

கூடத்தில் ரிவி தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. மீசைக்காரர் “பிரமாதம்!” என்றார். அண்ணை அந்தப் பக்கம் கையைக் காட்டினார்.

“உந்தச் சமையலை நீங்கள் ஒருத்தரும் மணக்கேலாது, ருசி பாக்கேலாது. கண்ணால பாக்க மட்டும்தான். உதுக்கு முன்னால இருக்கேக்கதான் நானும் உங்களில ஒராள்.”

கௌசலாதான் முதலில் அசைந்தாள். துணி பிடித்துச் சட்டியை இறக்கினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பழுதான ஒண்டும் உங்களுக்குத் தர மாட்டன் மாமா” என்றாள்.

“தெரியும். கழுவின பானையைத் திரும்பக் கழுவெண்டால் முகத்தைச் சுளிக்காமல் கொண்டு போனனி. எனக்கு அதுவே காணும்.” பிறகு என்னிடம், “தங்கச்சி, கோவியாதேங்கோ. கலியாணத்துக்கு நாளைப் பாருங்கோ” என்றார். செந்தூரன் அந்தப் புகைக்குள் நின்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

சிவனேஸ்வரி அக்கா எழும்பினார். மூக்கைச் சிந்தி எறிந்தார். கோப்பையில் கொஞ்சம் கறி போட்டு, தன் வாயில் ஒரு துண்டை வைத்து மென்றார்.

“இனிமேல் என்ர முகத்தைப் பாத்து ஒண்டும் சொல்லக் கூடாது. நான் திண்டு பாத்து உங்களுக்குச் சொல்லுறன்” என்றார். இன்னும் கொஞ்சம் மென்றார். “அடி கருகினதுதான். லேசாக் கைக்குது. ஆனா மேல் இறைச்சியில கருகல் இறங்கேல்லை. தூள் நல்லா வறுபட்டிருக்கு, பெருஞ்சீரகம் மணக்குது. பால் இனிக்குது. பிள்ளைக்கு நல்ல கை.”

அண்ணை அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“உண்மையாத்தானே சொல்லுறாய்?” என்று கேட்டார்.